கெர்னல் 6.8-க்கு மாறியபின் 8821சிஇ வைஃபை அட்டை வேலை செய்யவில்லை. பழைய டிரைவரும் தொகுபட மறுக்கிறது

தும்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மடிக்கணினியில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் இயங்குகிறது. வெளித்திரையை இணைப்பதில் இருந்த ஒரு சிக்கலுக்காக, புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வரிசையை நானே தேர்ந்தெடுத்து நிறுவினேன். 5.15 ஆக இருந்த கெர்னல் 6.8 ஆயிற்று, வெளித்திரையும் சரியாயிற்று. ஆனால் கணினியை மறுதொடக்கம் செய்ததிலிருந்து வைஃபை அடியோடு காணாமற் போய்விட்டது. இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது என்றால்கூடத் தேறுதல் உண்டு. இங்கே அமைப்புகள் பக்கத்தில் "வைஃபை அட்டை எதுவும் காணப்படவில்லை" என்ற ஒற்றை வரிதான் நிற்கிறது.

இந்த அட்டையின் முன்கதையையும் சொல்லிவிடுகிறேன். கணினியை வாங்கிய புதிதில் உபுண்டு 20.04-ஐ நிறுவினேன். அப்போது கெர்னல் 5.4. அதில் இந்த அட்டைக்கு டிரைவரே இல்லை என்பதால், இணையத்தில் கிடைத்த ஒரு வழிகாட்டிக் கட்டுரையைப் பின்பற்றி, யாரோ ஒருவர் மூலநிரலாக வெளியிட்டிருந்த டிரைவரைப் பதிவிறக்கி, கெர்னலுக்கு வெளியே உள்ள டிரைவர்களை ஒவ்வொரு கெர்னலுக்கும் தொகுத்துத் தரும் டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாகத் தொகுத்து (கம்பைல் செய்து) நிறுவினேன். சிக்கலின்றி வேலை செய்தது. பின்னர் 22.04-க்கு மேம்படுத்தியபோது வைஃபை சில நாள் தள்ளாடியது. அதற்கு வேறொரு கட்டுரையில் கண்ட இரண்டு மூன்று வரிகளை ஏதோ ஒரு கோப்பில் சேர்த்தேன், அதுவும் சரியாயிற்று. எந்தக் கோப்பு, என்ன வரிகள் என்பது இப்போது நினைவில் இல்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடக்கத்தில் ஏற்றவிடாத செக்யூர் பூட் பாதுகாப்பை அணைக்கச் சொன்னதும் அந்த முதல் கட்டுரைதான். அன்று அணைத்ததை இன்றுவரை மீண்டும் இயக்கவில்லை.

இப்போது அதே டிரைவரைப் புதிய கெர்னலுக்காகத் தொகுக்க முயன்றால் பாதியில் நின்றுவிடுகிறது. செயற்கூறுகளின் அளவுருக்கள் பொருந்தவில்லை என்று பக்கம் பக்கமாகப் பிழைகள் வருகின்றன. எனக்கு சி மொழி ஓரளவு படிக்கத் தெரியுமே தவிர, கெர்னல் நிரலைத் திருத்தும் அளவுக்குத் தெரியாது. வேறொருவர் திருத்திய புதிய பதிப்பைத் தேடி நிறுவ வேண்டுமா, பழைய கெர்னலுக்கே திரும்பிவிட வேண்டுமா, அல்லது அட்டையையே மாற்றிவிட வேண்டுமா?

கணினியில் இணையம் இல்லாததால் இதைக் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையைக் கொண்டு எழுதுகிறேன். கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஒலிப்பின்படி தமிழில் தந்திருப்பதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.


நூலேணி எழுதியது:

வணக்கம் தும்பி. நீங்கள் கேட்ட மூன்றில் எதையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம்; குறிப்பாக, இன்னொரு புதிய டிரைவரைத் தேடி நிறுவ வேண்டாம். நோய் இன்னதென்று தெரிவதற்கு முன் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால், பிறகு எது நோய், எது மருந்தின் விளைவு என்று பிரிக்க இயலாமல் போகும்.

முதலில் கணினிக்கு இணையம் வேண்டும். கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் கணினியுடன் இணைத்து, கைப்பேசியின் அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங் என்பதை இயக்குங்கள். கணினிக்கு அது கம்பிவழி இணைப்பாகவே தெரியும், தனி டிரைவர் எதுவும் தேவையில்லை. பெரும்பாலான கைப்பேசிகள் தாம் இணைந்திருக்கும் வைஃபையையே இவ்வழியில் பகிர்ந்துகொள்ளும் என்பதால் மொபைல் டேட்டாவும் செலவாகாது. டிரைவர் இல்லாத கணினியில் டிரைவரைப் பதிவிறக்குவது எப்படி என்று திண்டாடுகிறவர்கள் பலருக்கு இந்த வழி தெரிவதில்லை.

அடுத்து, நான்கு செய்திகளைத் தாருங்கள். நானும் உங்களைப் போலவே கட்டளைகளைத் தமிழில் எழுதுகிறேன். முனையத்தில் அவற்றைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். "எல்எஸ்பிசிஐ" கட்டளையை "என்என்கே" என்ற தெரிவுடன் இயக்கி, வயர்லெஸ் அட்டைக்குக் கீழே உள்ள வரிகள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" என்ன காட்டுகிறது? வயர்லெஸ் கருவிகள் தடுக்கப்பட்டுள்ளனவா என்று சொல்லும் "ஆர்எஃப்கில் லிஸ்ட்" என்ன காட்டுகிறது? நான்காவதாக, கணினி தொடங்கும்போது, எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியலை வரவழைத்து, மேம்பட்ட தெரிவுகளில் பழைய 5.15 கெர்னல் இன்னும் இருந்தால் அதைக் கொண்டு ஒருமுறை தொடங்கிப் பாருங்கள். அதில் வைஃபை வந்தால் அட்டையில் பழுதில்லை என்பது உறுதியாகிவிடும், பாதிக் கவலை தீரும்.


தும்பி எழுதியது:

மிக்க நன்றி. டெதரிங் உடனே வேலை செய்துவிட்டது. இது தெரியாமல் நேற்று முழுவதும் பென்டிரைவில் கோப்புகளைச் சுமந்துகொண்டிருந்தேன்.

எல்எஸ்பிசிஐ தரும் விவரம்: ரியல்டெக் 8821சிஇ, 802.11ஏசி வகை அட்டை, அடையாள எண் 10ஈசி:சி821. இதற்குக் கீழே "கெர்னல் மாட்யூல்கள்" (கெர்னலில் ஏற்றக்கூடிய டிரைவர் கோப்புகள்) என்ற வரியில் "ஆர்டிடபிள்யூ88_8821சிஇ" என்று இருக்கிறது. ஆனால் "பயன்பாட்டில் உள்ள கெர்னல் டிரைவர்" என்ற வரி இல்லவே இல்லை. மற்ற கருவிகள் அனைத்துக்கும் அந்த வரி வருகிறது.

டிகேஎம்எஸ் பட்டியலில் நான் நிறுவிய டிரைவர் 5.15 கெர்னலுக்கு "நிறுவப்பட்டது" என்று காட்டுகிறது. 6.8-க்கு அப்படி எந்த வரியும் இல்லை. ஆர்எஃப்கில் பட்டியலில் புளூடூத் மட்டும் இருக்கிறது, அது தடுக்கப்படவும் இல்லை. வியப்பாக, புளூடூத் காதொலிக் கருவி நன்றாகவே இயங்குகிறது. 5.15 கெர்னலில் தொடங்கினால் வைஃபை பழையபடி வருகிறது.


நூலேணி எழுதியது:

தேவையானது முழுவதும் உங்கள் பதிலிலேயே இருக்கிறது. புளூடூத்தைப் பற்றிய வியப்பை முதலில் தீர்த்துவிடுகிறேன். இந்த அட்டையில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே பலகையில் இருந்தாலும், வைஃபை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகவும் புளூடூத் யுஎஸ்பி வழியாகவும் கணினியுடன் பேசுகின்றன. இரண்டுக்கும் டிரைவர் வேறு வேறு. எனவே ஒன்று இயங்கி மற்றொன்று இயங்காமல் இருப்பது இயல்பு. அட்டைக்கு மின்சாரம் போகிறது என்பதற்கு அது சான்றும் ஆகிறது.

இப்போது சிக்கலுக்கு வருவோம். நீங்கள் 5.4 கெர்னலில் வெளியார் டிரைவரை நிறுவியது அன்றைக்குச் சரியான முடிவுதான், அந்தக் கட்டுரை சொன்னதில் தவறில்லை. ஆனால் 8821சிஇ அட்டைக்கான ஆதரவு 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த கெர்னல் 5.9-லேயே சேர்ந்துவிட்டது. ஆர்டிடபிள்யூ88 என்ற டிரைவர் குடும்பத்தின் ஓர் உறுப்பாக அது கெர்னலுடனேயே வருகிறது. நீங்கள் 22.04-க்கு, அதாவது 5.15-க்கு மாறிய அன்றே உங்கள் கணினியில் ஒரே அட்டைக்கு இரண்டு டிரைவர்கள் இருந்தன. ஒரே உறையில் இரண்டு கத்தி நிற்காது என்பார்கள். எது முதலில் ஏறுகிறதோ அது அட்டையைப் பிடித்துக்கொள்ளும். அன்று வைஃபை சில நாள் தள்ளாடியதற்கு இதுவே காரணம் என்பது என் ஊகம். நீங்கள் பார்த்த இரண்டாவது கட்டுரை, கெர்னலுடன் வரும் டிரைவரைத் தடைப்பட்டியலில் சேர்த்து, வெளியார் டிரைவருக்கு வழிவிடச் சொல்லியிருக்கும். நினைவில் இல்லை என்று நீங்கள் சொன்ன வரிகள் அவையாகத்தான் இருக்க வேண்டும்.

இனி 6.8-இல் நடந்ததைப் பாருங்கள். கெர்னலின் உள்ளே இருக்கும் செயற்கூறுகள் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம் என்பது கெர்னலை உருவாக்குவோர் வெளிப்படையாகவே கொண்டிருக்கும் கொள்கை. கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர்களை, மாற்றத்தைச் செய்பவரே கூடவே திருத்திவிடுவார். வெளியே இருப்பவற்றை அவற்றின் உரிமையாளர்தான் ஓடி ஓடித் திருத்த வேண்டும். 5.15-க்கும் 6.8-க்கும் இடையில் வைஃபை 7-இன் பல இணைப்பு வசதிக்காக வயர்லெஸ் அடுக்கின் பல செயற்கூறுகளில் அளவுருக்கள் கூடின. உங்கள் திரையில் பக்கம் பக்கமாக வந்த பிழைகள் அந்த மாற்றத்தின் தடம்தான். ஆக, வெளியார் டிரைவர் 6.8-க்குத் தொகுபடவில்லை, கெர்னலின் சொந்த டிரைவரோ உங்கள் பழைய தடை வரியால் ஏற முடியாமல் வாசலிலேயே நிற்கிறது. எல்எஸ்பிசிஐ காட்டிய இரண்டு வரிகளின் பொருளும் இதுவே: மாட்யூல் இருக்கிறது, ஆனால் பயன்பாட்டில் இல்லை.

என் கணிப்பு சரியா என்று ஒரே கட்டளையில் அறியலாம். 6.8-இல் தொடங்கி, முனையத்தில் "சூடோ மாட்ப்ரோப் ஆர்டிடபிள்யூ88_8821சிஇ" என்று தட்டுங்கள். தடைப்பட்டியல் என்பது கெர்னல் தானாக டிரைவரை ஏற்றுவதை மட்டுமே தடுக்கும். பெயரைச் சொல்லி நாமே ஏற்றினால் தடுக்காது. கட்டளை முடிந்த சில நொடிகளில் வைஃபை பட்டியல் தோன்றினால் குற்றவாளி அந்தத் தடை வரிதான், ஐயமே இல்லை.

அப்படியானால் துப்புரவு வேலை எளிது. "இடிசி" அடைவுக்குள் உள்ள "மாட்ப்ரோப்.டி" அடைவில் "ஆர்டிடபிள்யூ88" என்ற சொல்லை "கிரெப்" கட்டளையால் தேடுங்கள். "பிளாக்லிஸ்ட்" என்று தொடங்கும் வரி அகப்பட்டால் அதை நீக்குங்கள், அல்லது முன்னால் ஒரு # குறியை இட்டுச் செயலற்றதாக்குங்கள். பிறகு "டிகேஎம்எஸ் ரிமூவ்" கட்டளையை, அந்த டிரைவரின் பெயரையும் பதிப்பையும் கொடுத்து, எல்லாக் கெர்னல்களிலிருந்தும் நீக்குக என்று பொருள்படும் "ஆல்" தெரிவுடன் இயக்குங்கள். "யூஎஸ்ஆர்" அடைவின் "எஸ்ஆர்சி"யில் அதன் மூலநிரல் அடைவு எஞ்சியிருந்தால் அதையும் அழித்துவிடலாம். அட்டைக்குள் ஓடும் மென்பொருளைத் தரும் "லினக்ஸ்-ஃபர்ம்வேர்" தொகுப்பு நிறுவப்பட்டிருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். கடைசியாக "அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்" கட்டளையை "யு" தெரிவுடன் இயக்குங்கள். கணினி தொடங்கும்போது பயன்படும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொகுப்புக்குள்ளும் மாட்ப்ரோப்.டி கோப்புகளின் நகல் போய் உட்கார்ந்திருக்கும் என்பதால், பலரும் தவறவிடும் இந்தப் படியை நீங்கள் தவறவிட வேண்டாம்.

இவ்வளவும் முடிந்தபின் செக்யூர் பூட்டையும் மீண்டும் இயக்கலாம். வெளியார் டிரைவருக்கு உபுண்டுவின் கையொப்பம் இராது. அதனால்தான் அந்தக் கட்டுரை செக்யூர் பூட்டையே அணைக்கச் சொல்லிக் குறுக்குவழி காட்டியிருக்கிறது. முறையாகச் செய்திருந்தால், கணினியிலேயே ஒரு சாவியை உருவாக்கி, மறுதொடக்கத்தின்போது வரும் நீலத் திரையில் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். உபுண்டுவின் கெர்னலுடன் வரும் டிரைவர் ஏற்கெனவே கையொப்பமிடப்பட்டது என்பதால் உங்களுக்கு இப்போது அந்தத் தொல்லையும் இல்லை.


மின்மினி எழுதியது:

நூலேணி அவர்களின் விளக்கம் அருமை. இருப்பினும் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. இந்த அட்டை ஒற்றை ஆன்டெனாவை மட்டும் பயன்படுத்துவது. 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில்கூட இணைப்பு வேகம் நொடிக்கு 433 மெகாபிட்டைத் தாண்டாது. இதற்காக இத்தனை பாடுபடுவதைவிட, இன்டெல் அட்டை ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டால், கெர்னலுடன் வரும் ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவரே அதைப் பார்த்துக்கொள்ளும். பின்மூடியைக் கழற்றி, இரண்டு ஆன்டெனாக் கம்பிகளையும் ஒரு திருகையும் மாற்ற ஐந்து நிமிடம் போதும்.


நூலேணி எழுதியது:

மின்மினி சொல்வது தவறில்லை, ஆனால் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை உண்டு. இன்டெல் அட்டைகளில் ஏஎக்ஸ்200-உம் ஏஎக்ஸ்201-உம் பெயரிலும் தோற்றத்திலும் உடன்பிறப்புகள் போலிருக்கும். ஏஎக்ஸ்200 வழக்கமான பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டை. ஏஎக்ஸ்201-லோ வேலையின் ஒரு பகுதி இன்டெல் சிப்செட்டுக்குள்ளேயே (செயலியுடன் இணைந்து இயங்கும் துணைச் சில்லு) நடக்கிறது. எனவே அதற்குரிய சிப்செட் இல்லாத கணினியில், எடுத்துக்காட்டாக ஏஎம்டி செயலி உள்ளவற்றில், ஏஎக்ஸ்201 உயிர்பெறவே பெறாது. பழைய மடிக்கணினிகள் சிலவற்றில், தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட அட்டைகளைத் தவிர வேறெதையும் பயாஸ் ஏற்காமல் தொடக்கத்திலேயே நிறுத்திவிடும் வழக்கமும் இருந்தது. இன்னும் சில கணினிகளில் அட்டை பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். ஒற்றை ஆன்டெனா அட்டையுடன் வந்த கணினியில் இரண்டாவது ஆன்டெனாக் கம்பியே இல்லாமலும் இருக்கலாம்.

யுஎஸ்பி வைஃபை வாங்க நினைப்பவர்களும் பெட்டியின் மேல் "லினக்ஸ் ஆதரவு" என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. பல நேரங்களில் அதன் பொருள், தும்பி நிறுவியதைப் போன்ற ஒரு மூலநிரல் குறுந்தகடு உள்ளே இருக்கிறது என்பதுதான். மீடியாடெக்கின் எம்டி7612யு சிப்பு கெர்னல் 4.19 முதலும், எம்டி7921 குடும்பத்தின் யுஎஸ்பி வடிவம் 5.18 முதலும் கெர்னலுக்குள்ளேயே ஆதரவு பெற்றவை; நான் வாங்குவதாக இருந்தால் சிப்பின் பெயரை உறுதி செய்துகொண்டு அவற்றில் ஒன்றை வாங்குவேன். செருகியவுடன் சில கருவிகள் தம்மை ஒரு குறுந்தகடு இயக்ககமாகக் காட்டிக்கொள்ளும் வேடிக்கையும் உண்டு. விண்டோஸுக்கான டிரைவரை அதற்குள் வைத்திருப்பார்கள். "யுஎஸ்பி_மோட்ஸ்விட்ச்" என்ற கருவிதான் அந்த வேடத்தைக் கலைத்து வைஃபை ஆக்கும்.

ஆனால் தும்பியின் அட்டையில் பழுதில்லை. இருக்கும் ஒரு வரியை நீக்கினால் தீரக்கூடிய சிக்கலுக்காகப் புது அட்டை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.


கடையாணி எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இதே 8821சிஇ அட்டைதான் எனக்கும். இயங்குதளம் டெபியன் 11 என்ற இன்னொரு லினக்ஸ். மேற்சொன்னபடி தேடிப் பார்த்ததில் தடை வரி எதுவும் என் கணினியில் இல்லை, டிகேஎம்எஸ் தொகுப்பும் இல்லை. ஆனாலும் வைஃபை வரவில்லை. "டிஎம்இஎஸ்ஜி" கட்டளை காட்டும் கெர்னல் பதிவில் "ஆர்டிடபிள்யூ8821சி_எஃப்டபிள்யூ.பின்" என்ற கோப்பை ஏற்ற முடியவில்லை என்றும், பிழை எண் -2 என்றும் இருக்கிறது. இதுவும் அதே சிக்கல்தானா?


நூலேணி எழுதியது:

அல்ல, இது வேறு. உங்கள் கணினியில் டிரைவர் ஏறிவிட்டது. அட்டைக்குள் செலுத்த வேண்டிய ஃபர்ம்வேர் கோப்புதான் இல்லை. -2 என்பதற்கு "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்பதே பொருள். டிரைவர் கணினியின் செயலியில் ஓடுவது, ஃபர்ம்வேர் அட்டையின் சொந்தச் சிறு செயலியில் ஓடுவது. அட்டை விழித்தெழ இரண்டும் வேண்டும். மூலநிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேர்களை டெபியன் நெடுங்காலம் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்காமல் இருந்தது. 2022-இல் உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு நடத்தி முடிவை மாற்றிக்கொண்டார்கள். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதல் அவை வட்டிலேயே வருகின்றன. நீங்கள் 11-இல் இருப்பதால், மென்பொருள் தொகுப்புகளின் மூலங்களின் பட்டியலில் "நான்-ஃப்ரீ" பிரிவைச் சேர்த்து, "ஃபர்ம்வேர்-ரியல்டெக்" தொகுப்பை நிறுவி மறுதொடக்கம் செய்தால் போதும். வேறு ஏதேனும் நேர்ந்தால் தனி இழையாகத் தொடங்குங்கள், இதில் கலந்தால் பின்னால் படிப்பவர்கள் குழம்புவார்கள்.


தும்பி எழுதியது:

நூலேணி அவர்களே, நீங்கள் சொன்ன மாட்ப்ரோப் கட்டளையைத் தட்டி எண்டர் விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் வைஃபை பட்டியல் வந்துவிட்டது. தடை வரி, வைஃபைக்குச் சற்றும் தொடர்பில்லாத பெயருடைய ஒரு கோப்பில் இருந்தது. அதற்குப் பெயரிட்டவன் நான்தான். அதனை நீக்கி, டிகேஎம்எஸ் டிரைவரையும் அகற்றி, இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பித்துவிட்டேன். இப்போது மறுதொடக்கத்திலும் வைஃபை தானாகவே வருகிறது. செக்யூர் பூட்டையும் இயக்கிப் பார்த்தேன், எந்த மறுப்பும் இல்லை.

ஒரு சிறு குறை மட்டும் எஞ்சியிருக்கிறது. கணினியைச் சற்று நேரம் தொடாமல் விட்டுவிட்டு மீண்டும் பயன்படுத்தினால் முதல் சில நொடிகள் பக்கங்கள் திறக்கவே தயங்குகின்றன. இரண்டு முறை இணைப்பு முழுவதும் அறுந்து, தானாக மீண்டது. புளூடூத் காதொலிக் கருவியில் பாட்டு ஓடும்போது வேகம் மிகவும் குறைகிறது. பழைய டிரைவரில் இப்படி இருந்ததாக நினைவில்லை. அதனிடமே திரும்பிவிடும் எண்ணம் ஒரு கணம் வந்து போனது என்பதையும் மறைக்கவில்லை.


நூலேணி எழுதியது:

திரும்ப வேண்டாம். நீங்கள் சொல்வது இரண்டு தனிச் சிக்கல்கள்.

முதலாவது மின்சேமிப்பு. வேலையில்லாத நேரத்தில் அட்டை உறங்கப் போகிறது, எழுப்பினால் உடனே எழ மறுக்கிறது. "ஐடபிள்யூ" கட்டளையால் உங்கள் வைஃபை இடைமுகத்தின் "பவர்_சேவ்" நிலையை "ஆஃப்" ஆக்கி ஒரு நாள் பயன்படுத்திப் பாருங்கள். மறுதொடக்கம் செய்தால் இந்த மாற்றம் மறைந்துவிடும் என்பதால் சோதனைக்கு ஏற்றது. தயக்கம் நீங்கினால், நெட்வொர்க்மேனேஜர் அமைப்பில் "வைஃபை.பவர்சேவ்" மதிப்பை 2 என்று வைத்து நிலையாக்கிக்கொள்ளலாம். உபுண்டுவில் அது 3 என்று, அதாவது மின்சேமிப்பு இயங்கும்படி, ஏற்கெனவே ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கோப்பையே திருத்தலாம்.

இதன் பின்னும் இணைப்பு முழுவதும் அறுவது தொடர்ந்தால், பிசிஐ இணைப்பின் மின்சேமிப்பையும் நிறுத்த வேண்டியிருக்கும். மாட்ப்ரோப்.டி அடைவில் புதிய கோப்பு ஒன்றைத் தொடங்கி, "ஆர்டிடபிள்யூ88_பிசிஐ" மாட்யூலுக்கு "டிசேபிள்_ஏஎஸ்பிஎம்" என்ற தெரிவை 1 ஆக்கும் வரியை எழுதுங்கள். அதற்கும் மசியாவிட்டால் "ஆர்டிடபிள்யூ88_கோர்" மாட்யூலுக்கு "டிசேபிள்_எல்பிஎஸ்_டீப்" தெரிவையும் 1 ஆக்கலாம். மூன்றையும் ஒரே நாளில் செய்துவிடாதீர்கள். ஒவ்வொன்றாகச் செய்தால்தான் எது பயன் தந்தது என்று தெரியும். தேவையில்லாமல் மின்சேமிப்பை அணைத்து வைத்தால் பேட்டரிதான் நட்டப்படும். இம்முறை கோப்புக்கு வைஃபை என்ற சொல் வரும்படி பெயரிட்டு, உள்ளே # குறியிட்டு நாளையும் காரணத்தையும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

இரண்டாவது, புளூடூத் ஓடும்போது வேகம் குறைவது. இது டிரைவரின் பிழையன்று. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறது. உங்கள் வைஃபையும் அதே அலைவரிசையில் இணைந்திருந்தால், ஒற்றை ஆன்டெனாவை இருவரும் முறைவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் அதில் இணையுங்கள். அந்தப் பெயர் பட்டியலில் தெரியாவிட்டால், "ஐடபிள்யூ ரெக் கெட்" கட்டளை 00 என்ற பொது நாட்டுக் குறியீட்டைக் காட்டுகிறதா என்று பாருங்கள். அந்த நிலையில் சில சேனல்களில் அட்டை தானாக அழைப்பு விடுக்காது, கேட்பதோடு நின்றுவிடும். நீங்கள் இருக்கும் நாட்டின் இரண்டெழுத்துக் குறியீட்டை "ஐடபிள்யூ ரெக் செட்" மூலம் கொடுத்தால் அந்நாட்டு விதிப்படி திறந்துள்ள சேனல்கள் கிடைக்கும்.


தும்பி எழுதியது:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். பவர்_சேவை அணைத்ததும் தயக்கம் போய்விட்டது; ஆனால் மூன்றாம் நாள் இணைப்பு ஒருமுறை அறுந்தது. ஏஎஸ்பிஎம் வரியைச் சேர்த்தபின் இதுவரை அறவில்லை. டீப் என்ற அந்த மூன்றாவது தெரிவைத் தொடவே இல்லை. 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்ததும் பாட்டும் பதிவிறக்கமும் ஒன்றையொன்று இடிக்காமல் ஓடுகின்றன.

புதிய கோப்பின் பெயர் "வைஃபை-8821சிஇ-ஏஎஸ்பிஎம்.கான்ஃப்". உள்ளே நாளும் காரணமும் இரண்டு வரிகளாக இருக்கின்றன. இழையைத் தீர்வு கண்டதாகக் குறித்துவிடுகிறேன்.